1918 இன்ஃப்ளூயன்சா: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

1918 முதல் 1920 வரை உலகத்தை உலுக்கிய இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்று பற்றி எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்து ஒன்றாக்கி, வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பதில் எழுதியிருக்கிறேன். பொது சுகாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்த நோயின் இந்தியப் பக்கம்தான் என் மனதுக்கு நெருக்கம். அங்கே பதில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, மதுரை: சார், எல்லாரும் ஸ்பானிஷ் ஃப்ளூ என்கிறார்கள். நோய் ஸ்பெயினில்தான் தொடங்கியதா?

இல்லைம்மா. அது முதல் உலகப் போர் நடந்த நேரம். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் போரில் இருந்ததால் பத்திரிகைத் தணிக்கை கடுமையாக இருந்தது. படையினர் காய்ச்சலில் விழுகிறார்கள் என்று எழுத முடியாது. ஸ்பெயின் நடுநிலை நாடு. 1918 மே மாதத்தில் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவே படுத்தபோது மாட்ரிட் பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதின. உள்ளதைச் சொன்ன நாட்டின் தலையில் பழி விழுந்துவிட்டது.

தொடங்கிய இடம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், பிரான்சின் எட்டாப்லில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ முகாம், வட சீனா என்று மூன்று இடங்கள் பேசப்படுகின்றன. கான்சாஸின் ஹாஸ்கெல் வட்டாரத்தில் லோரிங் மைனர் என்ற டாக்டர் 1918 தொடக்கத்திலேயே வழக்கத்துக்கு மாறான கடும் காய்ச்சலைக் கண்டு அரசின் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். மார்ச் மாதம் அதே மாநிலத்தின் ஃபன்ஸ்டன் முகாமில் நூற்றுக்கணக்கான வீரர்கள் படுத்தார்கள். நான் கான்சாஸ் பக்கம் சாய்கிறவன். ஆனால் அது நிரூபணமாகிவிட்டது என்று வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

வங்கி ஊழியர், கோயம்புத்தூர்: இறந்தவர்கள் எண்ணிக்கை ஒரு இடத்தில் 2 கோடி, இன்னொரு இடத்தில் 10 கோடி என்று இருக்கிறது. எது சரி?

5 கோடி என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 1.7 கோடியில் தொடங்கி 10 கோடி வரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். உலக மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 180 கோடி. அதில் மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்தது என்று கணக்கு. அமெரிக்காவில் மட்டும் 6,75,000 பேர் இறந்தார்கள்.

இவ்வளவு பெரிய இடைவெளி வருவதற்குக் காரணம் ஆசியாவும் ஆப்பிரிக்காவும்தான். இறப்பைப் பதிவு செய்யும் ஏற்பாடே இல்லாத இடங்கள், இருந்தும் நோயில் நொறுங்கிப்போன இடங்கள் ஏராளம். நம் நாட்டு எண்ணிக்கை மாறினால் உலக எண்ணிக்கையே மாறும். அந்த அளவுக்கு நம் பங்கு பெரியது.

செவிலியர், வேலூர்: ஃப்ளூ என்றால் குழந்தைகளும் முதியவர்களும்தானே அதிகம் இறப்பார்கள்? 1918-ல் மட்டும் இளைஞர்கள் ஏன் இறந்தார்கள்?

நல்ல கேள்வி. 20 முதல் 40 வயதுக்காரர்கள்தான் அதிகம் பலியானார்கள். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, அந்த வைரஸ் உடலின் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்கடங்காமல் தூண்டிவிட்டு, வலுவான உடல்களையே அதிகம் சிதைத்தது என்பது. மற்றொன்று, அந்த வயதுக்காரர்கள் குழந்தைகளாக இருந்தபோது, 1889-ல் பரவிய பெருந்தொற்றின் வேறு வகை வைரஸைத்தான் முதலில் சந்தித்தார்கள். அதனால் அவர்களின் உடல் இந்தப் புதிய வைரஸுக்குத் தவறான தயாரிப்போடு இருந்தது என்பது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம் என்பது என் கருத்து.

நீங்கள் செவிலியர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பெரும்பாலான மரணங்கள் வைரஸோடு நிற்கவில்லை. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பூச்சை அரித்துவிட, தொண்டையில் வழக்கமாக இருக்கும் பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கின. 1918-ல் இறந்தவர்களின் திசு மாதிரிகளை 2008-ல் மீண்டும் ஆராய்ந்து ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியது இதைத்தான். முகமும் உதடும் நீலம் பாய்ந்து கருத்துப்போனதாக அக்கால டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக்சிஜன் தரவோ ஆன்டிபயாடிக் கொடுக்கவோ வழியில்லாத காலம். நல்ல செவிலியர் இருந்த இடங்களில் பிழைத்தவர்கள் அதிகம். தண்ணீர், கஞ்சி, சுத்தமான படுக்கை, பக்கத்தில் ஒரு ஆள் என்ற அளவிலான பராமரிப்புதான் அன்று இருந்த உண்மையான மருந்து.

பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்: இந்தியாவுக்குள் எப்படி வந்தது? எப்படிப் பரவியது?

பம்பாய் துறைமுகம் வழியாக. 1918 மே கடைசியில் துருப்புகளை ஏற்றிய கப்பல் ஒன்று அங்கே வந்து நின்றது. ஜூன் 10-ஆம் தேதி ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மலேரியா இல்லை என்று தெரிந்தது. அவர்களில் துறைமுகக் காவலில் இருந்தவரும் உண்டு. அப்புறம் கப்பல் பட்டறை, துறைமுகக் கழக ஊழியர்கள், பஞ்சாலைகள் என்று ஒவ்வொன்றாகத் தொற்றியது. நகர சுகாதார அதிகாரி ஜே.ஏ. டர்னர், இது கப்பலில் வந்த நோய் என்றார். அரசாங்கத் தரப்பிலோ நகரத்தின் அழுக்கும் மக்களின் பழக்கவழக்கமும்தான் காரணம் என்று பேசினார்கள். யார் மேல் பழி என்று பேசி முடிப்பதற்குள் ரயில்கள் நோயை உள்நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டன.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனிலும் இதே கதைதான். 1918 ஆகஸ்டில் நோயாளிகளோடு வந்த ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு நிலக்கரி ஏற்றிய தொழிலாளர்கள் முதலில் விழுந்தார்கள். அதே மாதத்தில் பிரான்சின் பிரெஸ்ட், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகங்களிலும் கொடிய வடிவம் தலைகாட்டியது. இதுதான் இரண்டாம் அலை. ஜூனில் வந்த முதல் அலை பலரைப் படுக்க வைத்தாலும் கொன்றது குறைவு. செப்டம்பரில் பம்பாய்க்கு வந்த இரண்டாம் அலைதான் கொலைகாரன். அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் அந்த நகரத்தில் மட்டும் 768 பேர் இறந்தார்கள்.

அங்கிருந்து குஜராத், மத்திய மாகாணம், ஐக்கிய மாகாணம், பஞ்சாப் என்று பரவி, டிசம்பருக்குள் நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டது. இந்தி கவிஞர் நிராலாவுக்கு அப்போது இருபது வயது ஒட்டி. மனைவியையும் குடும்பத்தில் இன்னும் பலரையும் சில நாட்களுக்குள் இழந்தார். கங்கை முழுக்கப் பிணங்கள் மிதந்ததாக அவர் பின்னால் எழுதினார். எரிக்க விறகு கிடைக்கவில்லை.

ஐ.டி. ஊழியர், சென்னை: மொத்தம் எத்தனை இந்தியர்கள்? மற்ற நாடுகளை விட இங்கே ஏன் இவ்வளவு அதிகம்?

அரசு சுகாதார ஆணையரின் முதல் அறிக்கை 60 லட்சம் என்றது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்த பிறகு எண் இரட்டிப்பானது. இன்றைய ஆய்வாளர்களில் குறைவாகச் சொல்பவர்கள் 1.2 கோடி, அதிகமாகச் சொல்பவர்கள் 2 கோடி. உலகச் சாவு 5 கோடி என்று கொண்டால், இறந்தவர்களில் குறைந்தது ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25.21 கோடி மக்கள், 1921-ல் 25.13 கோடி. கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான்.

ஏன் என்ற கேள்விக்கு வைரஸை மட்டும் பதிலாகச் சொன்னால் அது பாதி உண்மை. 1918-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது, அதுவும் வரலாற்றில் மிக மோசமான பொய்ப்புகளில் ஒன்று. போருக்காகத் தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது, விலை ஏறியது. அந்தச் செப்டம்பரில் சென்னை நகரத்திலேயே அரிசி விலை தாங்காமல் கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கலவரங்கள் நடந்தன. பசியோடு இருந்த உடல்களில் காய்ச்சல் வந்து இறங்கியது. படுத்தவர்களால் அறுவடைக்கும் விதைப்புக்கும் போக முடியவில்லை, அதனால் பசி இன்னும் கூடியது. டாக்டர்களோ ஏற்கெனவே குறைவு. அரசு மருத்துவப் பணியில் இருந்தவர்களில் ஏராளமானோர் போர்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். நாட்டின் பெரும்பகுதி கிராமங்கள் இந்த நோயை ஒரு டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடந்தன.

அப்புறம் ஒரு புள்ளிவிவரம். இதை நான் எந்த வகுப்பிலும் விடாமல் சொல்வேன். பம்பாய் நகரத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று சமூகவாரியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. முஸ்லிம்கள் 19.2. சாதி இந்துக்கள் 18.9. தாழ்த்தப்பட்ட சாதியினர் 61.6. ஒரே நகரம், ஒரே வைரஸ், ஒரே மாதங்கள். ஐரோப்பியருக்கு நிகழ்ந்ததை விட ஏழு மடங்கு அதிகமாகத் தாழ்த்தப்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத ஒற்றை அறை வீடுகள், கூலிக்குப் போகாவிட்டால் சோறில்லாத நிலை, ஆஸ்பத்திரி வாசல் எட்டாத தூரம். நோய் எல்லாரையும் சமமாகப் பார்க்கும் என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

பெண்களின் நிலையும் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. உலகின் பல நாடுகளில் ஆண்கள் அதிகம் இறந்தார்கள், இங்கே பெண்கள். வீட்டில் எல்லாரையும் பார்த்துக்கொண்டவர்களும் அவர்கள், கடைசியாக மிச்சத்தைச் சாப்பிட்டவர்களும் அவர்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்கள் இத்தனை பேர் போனதால் 1919-ல் பிறப்புகளும் கடுமையாகக் குறைந்தன.

அதே சென்னை நண்பர் தொடர்ந்து: அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா?

மிகக் குறைவாகவே செய்தது. துண்டறிக்கைகள், கொஞ்சம் மருந்து விநியோகம், சில தற்காலிக ஆஸ்பத்திரிகள். உண்மையில் வேலை செய்தவர்கள் தன்னார்வலர்கள். பம்பாயிலும் குஜராத்திலும் சாதிச் சங்கங்கள், சமூக அமைப்புகள், மாணவர்கள் எல்லாம் சேர்ந்து வீடு வீடாகப் பாலும் கஞ்சியும் மருந்தும் கொண்டுபோனார்கள், பிணங்களை அப்புறப்படுத்தினார்கள். அந்த ஏற்பாடுகளில் இருந்த பலர் அடுத்த ஆண்டே ரௌலட் சட்ட எதிர்ப்பில் இறங்கினார்கள். மக்கள் அரசாங்கத்தின் மீது நம்பிக்கை இழந்ததில் இந்த நோய்க்கும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போரில் இறந்த இந்திய வீரர்கள் சுமார் 74,000 பேர். டெல்லியில் இந்தியா கேட் அவர்களுக்காக நிற்கிறது. நிற்கட்டும், நிற்க வேண்டியதுதான். காய்ச்சலில் போன ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படி ஒரு நினைவிடத்தை நான் எங்கும் கண்டதில்லை. அது என்னை இன்றும் வருத்துகிறது.

விவசாயி, திருவண்ணாமலை: ஐயா, நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் பாதிப்பு எப்படி இருந்தது?

இருந்தது, ஆனால் மேற்கிலும் நடுப்பகுதியிலும் நடந்த அளவுக்கு இல்லை. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1911-ல் 2.09 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-ல் 2.16 கோடி ஆனது. பத்தாண்டில் மூன்றரை சதவீத வளர்ச்சி மிகக் குறைவுதான், ஆனாலும் வளர்ச்சி. அதே காலத்தில் பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் சுருங்கின.

மேற்கிலிருந்து கிழக்கும் தெற்கும் நகர நகர நோயின் கொல்லும் வேகம் குறைந்துகொண்டே வந்தது என்று மாவட்டவாரிப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருந்த வறண்ட வட்டாரங்களில் நிமோனியா அதிகம் வந்திருக்கலாம், நம் பக்கத்தின் ஈரக் காற்று கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மழை பொய்த்த அளவும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. குறைவு என்று நான் சொல்வது ஒப்பீட்டில்தான் ஐயா. சென்னை மாகாணத்திலும் லட்சக்கணக்கில் சாவுகள் நடந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: இலங்கை பற்றி எவரும் எழுதுவதில்லை. அங்கே என்ன நடந்தது?

நியாயமான குறை. இலங்கையில் 1918 ஜூனில் ஒரு அலை, அக்டோபரில் தொடங்கி 1919 மார்ச் வரை நீண்ட இன்னொரு அலை. கொழும்பு, தலைமன்னார் துறைமுகங்கள் வழியாக வந்திருக்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏறத்தாழ 3 லட்சம் பேரைத் தீவு இழந்தது என்று ஒரு மதிப்பீடு உண்டு. சிறிய தீவுக்கு அது பேரிழப்பு. தலைமன்னார் என்றதும் உங்களுக்கு விளங்கியிருக்கும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்கள் போன வழி அது. லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு ஒதுங்கிப் படுக்க இடம் ஏது? மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் இதே காரணத்தால் அதிகமாக இறந்தார்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: காந்திக்கும் ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து பிழைத்தாராமே?

இது கொரோனா நாட்களில் வேகமாகப் பரவிய செய்தி. 1918 ஆகஸ்டில் காந்தி மரணத்தின் விளிம்புவரை போனது உண்மை. ஆனால் அவரே எழுதிவைத்திருப்பதன்படி அது வயிற்றுக்கடுப்பு. காய்ச்சல் அவர் குடும்பத்தை வேறு வழியில் தொட்டது. மூத்த மகன் ஹரிலாலின் மனைவி குலாப் அந்தக் காய்ச்சலில் இறந்தார்.

மருத்துவ மாணவர், சேலம்: சார், வைரஸ் என்று அப்போதே தெரியுமா? என்ன மருந்து கொடுத்தார்கள்?

தெரியாது தம்பி. ஜெர்மன் பாக்டீரியா அறிஞர் ரிச்சர்ட் ஃபைஃபர் 1892-ல் இன்ஃப்ளூயன்சா நோயாளிகளிடம் ஒரு பாக்டீரியாவைக் கண்டு அதுதான் காரணம் என்று அறிவித்திருந்தார். 1918-ல் உலகமே அதைத் தேடிக்கொண்டிருந்தது. சில நோயாளிகளிடம் கிடைத்தது, சிலரிடம் கிடைக்கவில்லை. அதை வைத்து தடுப்பூசிகளும் தயாரித்தார்கள்; வைரஸை அவை தொடவே இல்லை. 1931-ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஷோப் பன்றிகளின் இன்ஃப்ளூயன்சாவுக்கு வைரஸ் காரணம் என்று காட்டினார். 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் மனித வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஃபெர்ரெட் என்ற கீரி போன்ற விலங்குதான் அவர்களுக்கு உதவியது.

மருந்தைப் பொறுத்தவரை குவினைன், ஆஸ்பிரின், சாராயம், கற்பூர எண்ணெய் ஊசி, எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரினை இன்று நாம் பாதுகாப்பு என்று கருதும் அளவை விட மிக அதிகமாகக் கொடுத்ததால் சில மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்று 2009-ல் ஒரு ஆய்வு சொன்னது. யோசிக்க வேண்டிய கருத்துதான், ஆனால் மொத்தச் சாவுகளை அதைக் கொண்டு விளக்க முடியாது. ஆஸ்பிரினே எட்டாத இந்தியக் கிராமங்களில்தானே அதிகம் இறந்தார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு தகவல்: ஃபைஃபரின் அந்தப் பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்க்க உதவும் பொருள் என்று சொல்லித்தான் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் 1929-ல் பெனிசிலின் பற்றிய தன் முதல் கட்டுரையை வெளியிட்டார்.

குடும்பத் தலைவி, ஈரோடு: 1918-ல் மக்களைக் கொன்றது தடுப்பூசிதான், நோய் இல்லை என்று உறவினர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். உண்மையா?

சுத்தப் பொய். இன்ஃப்ளூயன்சாவுக்கு வேலை செய்யும் தடுப்பூசி 1940-களில்தான் வந்தது. மேற்கு சமோவாவிலும் அலாஸ்காவின் ஒதுக்குப்புறக் கிராமங்களிலும் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தது நோயால்தான். உறவினருக்கு இந்த இரண்டு வரியை மட்டும் அனுப்புங்கள் போதும்.

வழக்கறிஞர், திருச்சி: ஊரடங்கு, முகக்கவசம் எல்லாம் அப்போதும் இருந்ததா? பயன் தந்ததா?

அமெரிக்க நகரங்களில் நன்றாகவே ஆவணமாகியிருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் செப்டம்பர் 17-ஐ ஒட்டி நோய் தெரிய வந்தது. ஆனாலும் போர்க்கடன் பத்திரங்களை விற்பதற்காக செப்டம்பர் 28 அன்று 2 லட்சம் பேர் கூடிய ஊர்வலத்துக்கு சுகாதார அதிகாரி அனுமதி கொடுத்தார். சில நாட்களில் ஆஸ்பத்திரிகள் நிரம்பின. ஆறு வாரங்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தில் அக்டோபர் 5-ஐ ஒட்டி முதல் நோயாளிகள் தெரிந்தார்கள். இரண்டே நாளில் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் என்ற சுகாதார ஆணையர் பள்ளிகள், திரையரங்குகள், தேவாலயக் கூட்டங்கள் எல்லாவற்றையும் மூட வைத்தார். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தும் அவர் அசையவில்லை. உச்சகட்ட வாரத்தில் லட்சம் பேருக்கு ஃபிலடெல்ஃபியாவில் 257 சாவுகள், செயின்ட் லூயிஸில் 31.

சீக்கிரம் தொடங்குவது மட்டும் போதாது. கட்டுப்பாட்டைச் சீக்கிரம் தளர்த்திய நகரங்களில் சாவு மறுபடி ஏறியது, செயின்ட் லூயிஸ் உட்பட. சான் ஃபிரான்சிஸ்கோவில் முகக்கவசத்தைச் சட்டமாக்கினார்கள். 1919 ஜனவரியில் அதை எதிர்க்க ஒரு சங்கமே உருவானது. கவசம் பெரும்பாலும் மெல்லிய காஸ் துணி என்பதால் அதன் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆசிரியை, நாகர்கோவில்: நோயே தொடாமல் தப்பித்த இடம் ஏதாவது உண்டா?

உண்டு, அமெரிக்க சமோவா. பசிபிக்கில் அடுத்தடுத்து இருக்கும் தீவுகள், ஒரே மொழி பேசும் ஒரே மக்கள், இரண்டு ஆட்சிகள். மேற்கு சமோவா நியூசிலாந்தின் கையில். 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் நோயாளிகளோடு ஆபியா துறைமுகத்துக்கு வந்தது. தனிமைப்படுத்தாமல் பயணிகளை இறங்க விட்டார்கள். சில வாரங்களில் சுமார் 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் அதிகமாக இறந்தார்கள். பக்கத்து அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார், ஊர்த்தலைவர்களும் கடற்கரையைக் காவல் காத்தார்கள். அங்கே ஒரு சாவுகூட இல்லை. போயர் உதவி அனுப்பத் தயாராக இருந்தும் மேற்கு சமோவா நிர்வாகி ராபர்ட் லோகன் ஏற்கவில்லை. 2002-ல் நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டார். 84 ஆண்டு தாமதம்தான், ஆனாலும் கேட்டார்கள். இந்தியாவின் ஒரு கோடிக்கு யாரும் கேட்கவில்லை.

ஆராய்ச்சி மாணவி, புதுச்சேரி: 1918 வைரஸை மறுபடி உயிர்ப்பித்ததாகப் படித்தேன். எப்படி முடிந்தது?

அலாஸ்காவின் ப்ரெவிக் மிஷன் என்ற கிராமத்தில் இருந்த 80 பெரியவர்களில் 72 பேர் 1918 நவம்பரில் ஒரு வாரத்துக்குள் இறந்தார்கள். நிரந்தரப் பனியில் அவர்களைப் புதைத்தார்கள். யோஹான் ஹல்டின் என்ற மாணவர் 1951-ல் ஊரின் அனுமதியோடு தோண்டி நுரையீரல் மாதிரி எடுத்தார், வைரஸை வளர்க்க முடியவில்லை. 1997-ல் ஜெஃப்ரி டாபென்பெர்கர், அமெரிக்க ராணுவ நோயியல் நிறுவனத்தில் மெழுகில் பாதுகாத்த திசுக்களிலிருந்து வைரஸ் மரபணுவின் துண்டுகளைப் படித்ததாகக் கட்டுரை எழுதினார். அதைப் படித்த ஹல்டின், அப்போது 72 வயது, தன் சொந்தச் செலவில் அதே கிராமத்துக்குப் போய் மறுபடி அனுமதி கேட்டு, ஒரு பெண்ணின் நுரையீரல் மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்தார். 2005-ல் முழு மரபணு வரிசையும் வெளியானது. அதே ஆண்டு அட்லாண்டாவில் டெரன்ஸ் டம்பி மிகக் கடுமையான பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வைரஸை மீண்டும் உருவாக்கினார். அது எச்1என்1 வகை. பறவைக் காய்ச்சல் வைரஸ்களோடு நெருக்கமானது.

செய்திருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தால்? ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனாலும் அது எப்படிக் கொன்றது என்பது நமக்குத் தெரிய வந்தது இந்த வேலையால்தான். நான் ஆதரிக்கிறேன்.

கடைக்காரர், விருதுநகர்: கடைசியில் அது எப்படி ஒழிந்தது?

ஒழியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பு சக்தி வந்தது, வைரஸும் மாறிக்கொண்டே சாதாரணப் பருவக்கால ஃப்ளூவாக 1957 வரை சுற்றியது. அந்த ஆண்டு எச்2என்2 என்ற புதிய வகை கிழக்காசியாவில் கிளம்பி உலகெங்கும் சுமார் 10 லட்சம் பேரைக் கொன்றது. இந்தமுறை இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் நம் சென்னை. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு வந்து இறங்கியது. ஆனால் இந்தமுறை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இன்ஃப்ளூயன்சா மையம் தயாராக இருந்தது. வைரஸை ஆராய்ந்தார்கள், பரவலைக் கணக்கெடுத்தார்கள். பாக்டீரியா நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்கும் வந்திருந்தது. 1968-ல் எச்3என்2, 1977-ல் பழைய எச்1என்1-இன் மறுவரவு, 2009-ல் நாம் பன்றிக் காய்ச்சல் என்று அழைத்த புதிய எச்1என்1. அந்த 2009 வைரஸிலும் 1918-இன் சந்ததி மரபணுக்கள் இருந்தன. அதனால்தான் பழைய எச்1என்1-ஐச் சின்ன வயதில் சந்தித்திருந்த முதியவர்கள் 2009-ல் ஓரளவு தப்பினார்கள்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: கொரோனாவை விட மோசமா?

ஆமாம். கொரோனாவின் முதல் இரண்டு ஆண்டுகளில் உலகில் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் சுமார் 1.5 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 1918-ல் உலக மக்கள்தொகை இன்றைய அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இறந்தவர்களோ 5 கோடி.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்: என் தாத்தாவின் முதல் மனைவியும் கைக்குழந்தையும் "விஷக் காய்ச்சல் வருஷத்தில்" ஒரே வாரத்தில் போனதாகச் சொல்வார்கள். அது இந்த நோயாக இருக்குமா? எங்கே தேடலாம்?

இருக்க வாய்ப்பு அதிகம். காலம் 1918 அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் இன்னும் அதிகம். தமிழ் மாதம் தெரிந்தாலும் போதும். ஐப்பசி, கார்த்திகை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? காளயுக்தி வருஷம் அது. திதி கொடுக்கும் வழக்கம் தொடர்ந்திருந்தால் திதியே மாதத்தைச் சொல்லிவிடும். வீட்டில் புரோகிதரோ பெரியவர்களோ எழுதிவைத்த குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது பிறப்பு இறப்புப் பதிவேடு. அந்தக் காலத்தில் கிராமங்களில் இதை எழுதியது கிராம முன்சீப். நகராட்சி என்றால் நகராட்சி அலுவலகம். கும்பகோணம் அப்போதே நகராட்சி, எனவே உங்களுக்கு வாய்ப்பு கூடுதல். காரணம் என்ற இடத்தில் "காய்ச்சல்" என்று மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். இன்ஃப்ளூயன்சா சாவுகளில் பெரும்பாலானவை இந்தியா முழுக்க அந்த ஒரு சொல்லின் கீழேதான் எழுதப்பட்டன. எழுதும் அதிகாரியே படுத்துவிட்டதால் பதிவாகாமல் போன சாவுகளும் நிறைய, ஆகவே பெயர் இல்லையென்றால் நடக்கவில்லை என்று பொருளில்லை. 1921 கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் கிடைக்காது, அதில் நேரம் செலவிட வேண்டாம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாகாண சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. தஞ்சாவூர் மாவட்டத்தில் எந்த மாதம் சாவு ஏறியது என்று அதில் பார்த்து உங்கள் வீட்டுத் தேதியோடு ஒப்பிடலாம்.

அவர்கள் இருவரின் பெயரும் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று மட்டும் இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்பதையும். மற்ற தேடல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பதிவேட்டுப் பக்கம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.